கிரிவலம் நடப்பவர்களின் அடியை எண்ண: ஆக்சிலரோமீட்டரா, போனிலேயே இருக்கும் ஸ்டெப் கவுண்டரா?

வேலூர்_வண்டு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போற குழு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயசுக்காரங்க. என் பெரியம்மாவும் அதுல ஒருத்தர். அவங்களுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் பண்ணிட்டிருக்கேன், கோட்லின்ங்கற புரோகிராம் மொழியில. பெரிசா ஒண்ணும் இல்ல. 14 கிலோமீட்டர் பாதையில எத்தனை அடி நடந்தாச்சு, அடுத்த லிங்கத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம், வீட்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு "அம்மா நிருதி லிங்கம் தாண்டிட்டாங்க"ன்னு ஒரு செய்தி. அவ்வளவுதான்.

ஜிபிஎஸ்ஸை முழு நேரமும் ஓட விடக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டேன். இவங்க போன் எல்லாம் பிள்ளைங்க பயன்படுத்திட்டுக் குடுத்தது. பேட்டரி பாதி உயிர்லதான் இருக்கு. விடியற்காலை நடந்து முடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது, வீட்டுக்கு ஒரு போன் பேசவாவது சார்ஜ் இருக்கணும். அதனால அடியை எண்ணி, அதை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடலாம்னு நினைச்சேன்.

இப்ப செய்யறது இதுதான்: ஆக்சிலரோமீட்டரை, அதாவது போனோட அசைவை அளக்கற சென்சாரை, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை படிக்கறேன் (ஆண்ட்ராய்டுல சென்சார் டிலே கேம்னு சொல்ற வேகம்). மூணு அச்சோட மதிப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதுல புவியீர்ப்பு 9.81-ஐக் கழிக்கறேன். மிச்சம் 1.8-ஐத் தாண்டினா ஒரு அடி. ரெண்டு அடிக்கு நடுவுல குறைஞ்சது 300 மில்லிசெகண்டு இருக்கணும்.

என் சட்டைப் பாக்கெட்டுல போட்டு மொட்டைமாடியில நடந்தா அச்சு அசலா எண்ணுது. பெரியம்மா அதே போனை மஞ்சப்பையில போட்டுத் தொங்கவிட்டு நடந்தா கிட்டத்தட்ட பாதிதான் வருது. கூட்டத்துல மெதுவா நகரும்போது எண்ணவே மாட்டேங்குது. இதுல கொடுமை என்னன்னா, வேலூர்ல பஸ் ஏறி உட்கார்ந்தவங்களுக்குத் திருவண்ணாமலை இறங்கறதுக்குள்ள ஆயிரக்கணக்குல அடி ஏறிடுது! ஸ்கிரீன் அணைஞ்சா சில போன்ல எண்ணறதே நின்னு போகுது.

1.8-ஐக் குறைச்சா பஸ் குலுக்கல் இன்னும் அதிகமா ஏறுது. கூட்டினா பெரியம்மா நடக்கவே இல்லைங்குது. பைக்கு ஒண்ணு, பாக்கெட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனி அளவு வைக்கணுமா? மெஷின் லேர்னிங் பக்கம் போகணுமா? இல்ல, போன்லயே இருக்கற ஸ்டெப் கவுண்டர் சென்சாரை நம்பலாமா? அது உள்ளே எப்படி எண்ணுதுன்னே தெரியலையேன்னுதான் தயக்கம்.

பழைய_சாலிடர்:

அந்த 1.8-ஐ இனிமேல் தொடாதீர்கள். அதைத் திருகித் திருகி ஒரு மாதம் போகும், முடிவு இதேதான். நான் நடை அளக்கும் பட்டைகளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதிப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பையில் ஏன் பாதி வருகிறது என்று பார்ப்போம். நடக்கும்போது கை ஒரு முறை முன்னால் போய்ப் பின்னால் வருவதற்குள் கால் இரண்டு அடி வைத்துவிடும். கையில் தொங்கும் பையும் கையோடுதான் ஆடும். அடி விழும் அதிர்வு தோள், கை, துணி எல்லாவற்றையும் தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆட்டம் மட்டுமே. அந்த ஆட்டத்தைத்தான் உங்கள் கோட் அடி என்று எண்ணுகிறது, ஆகவே இரண்டுக்கு ஒன்று. பேன்ட் பாக்கெட்டில் போட்டாலும் இதன் தம்பி வருவான்: போன் இருக்கும் பக்கத்துக் கால் விழும்போது அதிர்வின் முகடு பெரிது, மறுகால் விழும்போது சிறிது. அந்த 1.8 எல்லையைச் சற்று உயர்த்தினால் ஒரு கால் மட்டும் எண்ணப்படும்.

மெதுநடைக்குக் காரணம் வேறு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அடி வைக்கிறோம். பௌர்ணமிக் கூட்டத்தில், அதுவும் வெறுங்காலில், அறுபது எழுபதுக்கு இறங்கிவிடும். குதிகால் தரையில் அடிப்பதே இல்லை, பாதம் தேய்த்து நகர்கிறது. முகடு என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. பஸ்ஸில் இதற்கு நேர்மாறு: வேகத்தடையும் பள்ளமும் கொடுக்கும் உதையின் அளவு நடையைவிடப் பெரிது. உதை எவ்வளவு பெரிது என்று மட்டும் பார்க்கிற எந்த முறையும் இந்த இரண்டையும் பிரிக்காது. பிரிப்பது ஒழுங்கு. நடை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும், பஸ் குலுக்கலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

போனின் ஸ்டெப் கவுண்டர் இந்த ஒழுங்கைத்தான் தேடுகிறது. பல சிப்புகள் தொடர்ந்து சில அடிகள் வந்த பிறகுதான் "சரி, நடக்கிறார்" என்று நம்பி எண்ணத் தொடங்கும், விட்ட அடிகளையும் சேர்த்துக்கொள்ளும். முக்கியமான விஷயம், எண்ணுவதற்காக இது பிராசசரை எழுப்புவதில்லை. வீடு தூங்கும்போது முழித்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி, குறைந்த மின்சாரத்தில் தனியாக ஓடுகிறது. உங்கள் முறையில் என்ன ஆகிறது? நான்கு மணி நேர நடை என்றால் 14,400 விநாடி, விநாடிக்கு 50 அளவு, மொத்தம் 7,20,000 தடவை ஆப்பை எழுப்புகிறீர்கள். ஜிபிஎஸ் பேட்டரி தின்னும் என்று பயந்து அந்த வேலையை ஆக்சிலரோமீட்டரிடம் கொடுத்திருக்கிறீர்கள்!

ஸ்டெப் கவுண்டர் ஆண்ட்ராய்டு 4.4-லிருந்து (2013) இருக்கிறது. ஸ்டெப் டிடெக்டர் என்று இன்னொன்றும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். டிடெக்டர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு தட்டும், இரண்டு விநாடிக்குள் சொல்லும். கவுண்டர் பத்து விநாடி வரை தாமதிக்கலாம், ஆனால் யோசித்து எண்ணுவதால் துல்லியம் கூடுதல். உங்களுக்கு அவசரம் இல்லை, கவுண்டரே போதும்.

ஆண்ட்ராய்டு 10 முதல் ஆக்டிவிட்டி ரெகக்னிஷன் (உடல் அசைவை அறியும்) அனுமதியைப் பயனரிடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஆப் விழாது, எரரும் வராது. வெறுமனே அடி வராது. இதில் மாட்டிப் பாதி நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐபோன்_மாலா:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். குழுவுல யாராவது ஐபோன் வெச்சிருந்தா அங்க இந்தத் தலைவலியில முக்கால்வாசி கிடையாது. ஐபோன்ல அசைவைக் கவனிக்கற கோர் மோஷன்ல, அடி எண்ணறதுக்குன்னே சிஎம்பெடோமீட்டர் இருக்கு. உங்க ஆப் ஓடவே வேண்டாம். முடிச்சுட்டு வந்து ஆப்பைத் திறந்ததும், "ராத்திரி பத்து மணியிலிருந்து இப்ப வரைக்கும் எத்தனை அடி?"ன்னு கேட்டா பதில் வரும். கடைசி ஏழு நாள் கணக்கு போன்லயே இருக்கும். 2013-ல வந்த 5எஸ் மாடல்ல இதுக்குன்னே எம்7னு ஒரு தனிச் சிப் வெச்சாங்க, அதுலேர்ந்து இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: இன்ஃபோ பிளிஸ்ட்ல (ஆப்போட விவரக் கோப்பு) அசைவுத் தகவல் எதுக்குன்னு சொல்ற மோஷன் யூசேஜ் டிஸ்கிரிப்ஷன் வரியை விட்டுட்டா, சாலிடர் சார் சொன்ன மாதிரி அமைதியா எல்லாம் இருக்காது. ஆப் அப்படியே மூடிக்கும்.

இன்னொண்ணு, ஃபிளட்டர்ல ரெண்டுக்கும் ஒரே கோட் எழுதலாம்னு யோசிச்சீங்கன்னா, ஆக்சிலரோமீட்டரை நேரடியாப் படிக்கறப்ப ஜாக்கிரதை. போனை மேஜை மேல முகம் மேல பார்க்க வெச்சா ஆண்ட்ராய்டு இசட் அச்சுல +9.81 காட்டும். கோர் மோஷன் −1 காட்டும். அலகும் வேற, குறியும் வேற.

ஓசூர்_ரெண்டுசக்கரம்:

பழைய_சாலிடர் அண்ணன் சொன்னது சரி. ஆனா ஸ்டெப் கவுண்டர் இல்லாத போன் இன்னும் நிறைய இருக்கு, அதுவும் இந்த வயசுக்காரங்க கையிலதான். சென்சாரைக் கேட்டு வாங்கற கெட் டிஃபால்ட் சென்சார் கூப்பிட்டா நல், அதாவது ஒண்ணுமில்லைன்னு வரும். அப்ப என்ன பண்ணுவீங்க? ஆக்சிலரோமீட்டர் கோடைத் தூக்கி எறியாதீங்க, மாத்தி எழுதுங்க.

நான் வண்டி விழுந்தா வீட்டுக்குத் தகவல் அனுப்பற ஆப் ஒண்ணு பண்ணேன். அங்கயும் இதே சிக்கல்தான், பள்ளத்துல இறங்கினா விழுந்ததா நினைச்சுக்கும். ஒரு தனி முகட்டைப் பார்க்கறதை விட்டுட்டு கடைசி மூணு விநாடியை மொத்தமாப் பார்க்க ஆரம்பிச்சப்பதான் வழி தெரிஞ்சுது. நடைக்கு இன்னும் சுலபம். மூணு விநாடி அளவுகளை எடுங்க, சராசரியைக் கழிங்க, அந்த அலையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி அதோடவே பெருக்கிக் கூட்டிப் பாருங்க. ஆட்டோகோரிலேஷன்னு சொல்வாங்க. 0.4 விநாடிக்கும் 1.2 விநாடிக்கும் நடுவுல எங்கயாவது தெளிவா ஒரு மேடு வந்தா அது நடை. வரலைன்னா பஸ்ஸோ, பையைக் கீழ வெக்கறதோ, விசிறி வீசறதோ. 25 ஹெர்ட்ஸே, அதாவது விநாடிக்கு 25 அளவே தாராளம். நடை ரெண்டு ஹெர்ட்ஸ் சமாச்சாரம், அதுக்கு ஐம்பது எதுக்கு?

மெஷின் லேர்னிங் எல்லாம் இதுக்கு வேண்டாங்க. மாடல் செய்யறது ஒரு பக்கம், அதுக்கு அறுபது வயசுக்காரங்க நடையை யார் பதிவு பண்ணி, யார் பேர் வெச்சுக் குடுக்கறது?

பழைய_சாலிடர்:

ஓசூர்க்காரர் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. விசிறி வீசுவதும் சீரானதுதான். ஆட்டோகோரிலேஷன் அதையும் நடை என்றே சொல்லும். உட்கார்ந்து விசிறிக்கொள்பவர் கையில் போன் இருந்தால் எந்த முறையும் ஏமாறும், சிப்பும் உட்பட. அதை விட்டுவிடுவோம்.

தம்பி வேலூர், உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். பெரியம்மாவுக்கு எத்தனை அடி என்பதில் உண்மையில் அக்கறை உண்டா? அவருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது "எங்கே இருக்கிறார், இன்னும் எவ்வளவு". அதற்கு அடிக்கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றே இல்லை. ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் போதும்.

எப்படி என்றால், எட்டு லிங்கங்களும் இருக்கும் இடம் மாறப்போவதில்லை. இந்திர லிங்கத்திலிருந்து அக்னி, அங்கிருந்து எமன் என்று ஈசானியம் வரை ஒவ்வொரு துண்டின் பாதைத் தூரத்தையும் நீங்களே ஒரு முறை அளந்து ஆப்பில் வைத்துவிடுங்கள். நேர்கோட்டுத் தூரம் உதவாது, மலையைச் சுற்றி வளையும் பாதையில் அளக்க வேண்டும். பெரியம்மா அக்னி லிங்கத்தைத் தொட்டதும் அந்தத் துண்டின் நீளத்தை அதுவரை வந்த அடிகளால் வகுங்கள். அதுதான் அன்றைக்கு, அந்தப் போனில், அந்தப் பையில் அவருடைய அடி நீளம். சிப் பாதியை விட்டிருந்தால் அடி நீளம் ஒரு மீட்டருக்கு மேல் என்று வரும். வரட்டுமே! அடுத்த துண்டிலும் பாதியைத்தான் விடப்போகிறது, தூரம் சரியாகவே வரும். துண்டுக்குத் துண்டு இதைத் திருத்திக்கொண்டே போங்கள். நடுவழியில் போன் பையிலிருந்து இடுப்புக்கு மாறினாலும் அடுத்த லிங்கத்தில் கணக்கு நேராகிவிடும்.

லிங்கத்தைத் தொட்டார் என்று எப்படித் தெரியும்? ஜிபிஎஸ் வேண்டும், ஆனால் முழு நேரம் அல்ல. ஏறக்குறைய 500 அடிக்கு ஒரு தடவை ஒரே ஒரு இடக்குறிப்பு எடுங்கள். அடிக்கு அறுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் அது 300 மீட்டர், முழுச் சுற்றுக்கும் ஐம்பது தடவைக்குள் முடியும். லிங்கம் நெருங்கும்போது மட்டும் அடிக்கடி கேட்கலாம். அவர் மண்டபத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டால் அடி வராது, அடி வராவிட்டால் ஜிபிஎஸ் எழாது. மோஷன் சென்சாரின் உண்மையான உபயோகமே இதுதான் என்பேன். ஆப் எப்போது சும்மா இருக்கலாம் என்று அது சொல்லிக்கொடுக்கிறது.

ஜியோஃபென்ஸ் (ஒரு இடத்தைச் சுற்றி எல்லை குறித்து, உள்ளே வந்ததும் போனே சொல்வது) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம். ஆனால் அதற்குப் பின்னணி இட அனுமதி தேவை, பிளே ஸ்டோரில் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும், பின்னணியில் இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகவும் வரும். பெரியம்மா "நடை தொடங்கு" பொத்தானை அழுத்தும்போது ஒரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டிக்கொண்டே ஓடும் ஆப்பின் பகுதி) தொடங்கிவிட்டால், ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது என்ற சாதாரண அனுமதியே போதும். பொத்தானை இறங்கிய பிறகு அழுத்துவதால் பஸ் குலுக்கல் தொல்லையும் சேர்ந்தே ஒழிந்தது.

வேலூர்_வண்டு:

சாலிடர் சார், அடி நீளத்தை லிங்கத்துக்கு லிங்கம் திருத்தற யோசனை எனக்குத் தோணவே இல்ல. நான் ஒரு செட்டிங்ஸ் பக்கம் வெச்சு உயரம் கேட்டு, அதுலேர்ந்து அடி நீளம் போடலாம்னு இருந்தேன். பெரியம்மாகிட்ட உயரம் கேட்டா "உன் பெரியப்பாவைவிட ஒரு சாண் கம்மி"ம்பாங்க.

ஸ்டெப் கவுண்டருக்கு மாத்திட்டேன். மாத்தினதும் மூணு சந்தேகம். ஒண்ணு, ஆரம்பிச்ச உடனேயே 48 ஆயிரத்துச் சொச்சம்னு காட்டுது. ரெண்டு, நடுவுல போன் சார்ஜ் போய் பவர் பேங்க் போட்டு ஆன் பண்ணா என்ன ஆகும்? மூணு, ஸ்கிரீன் அணைஞ்சப்ப 500 அடி ஆச்சுன்னு யார் என் ஆப்பை எழுப்புவாங்க? பிராசசர்தான் தூங்குதே.

பழைய_சாலிடர்:

48 ஆயிரம் என்பது போன் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து வந்த மொத்தம். பொத்தான் அழுத்தியதும் வரும் முதல் எண்ணை அடிப்படையாக எழுதிவைத்து, அதன் பிறகு வருவதிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். போன் ரீஸ்டார்ட் ஆனால் மீட்டர் பூஜ்யத்துக்குப் போகும். புது எண் பழையதைவிடச் சின்னதாக வந்தால் ரீஸ்டார்ட் என்று பலர் எழுதுவார்கள், பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நேராக ஒரு வழி இருக்கிறது: ஆண்ட்ராய்டு 7 முதல் செட்டிங்ஸ் குளோபலில் பூட் கவுண்ட், அதாவது போன் எத்தனை தடவை ஆன் ஆனது என்ற எண், கிடைக்கிறது. எண்ணோடு அதையும் சேர்த்துச் சேமியுங்கள். அது மாறியிருந்தால் புது அடிப்படை எடுத்து, பழைய மொத்தத்தோடு கூட்டுங்கள். சென்சாரிலிருந்து ஒவ்வொரு நிகழ்வு (புது எண்) வரும்போதும் டிஸ்க்கில் எழுதுங்கள், கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். பேட்டரி செத்தால் ஆன்-டெஸ்ட்ராய் (ஆப் மூடும்போது வரும் அழைப்பு) வந்து விடைபெறாது.

மூன்றாவது நல்ல கேள்வி. கெட் டிஃபால்ட் சென்சாருக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் எழுப்பக்கூடிய வகை ஸ்டெப் கவுண்டர் இருந்தால் அதைத் தரும். சென்சாரைக் கேட்கப் பதியும் ரெஜிஸ்டர் லிசனரின் நாலாவது மதிப்பில் அதிகபட்சத் தாமதத்தைச் சொல்லலாம், மைக்ரோ விநாடியில். ஐந்து நிமிடம் என்று கொடுங்கள். அடிகள் சிப்பின் சின்ன நினைவகத்தில் சேர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொத்தாக வந்து பிராசசரை எழுப்பும். அப்போது எண்ணைப் பார்த்து ஜிபிஎஸ் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். எழுப்பாத வகைதான் இருக்கிறது என்றால் நினைவகம் நிரம்பியதும் பழைய நிகழ்வுகள் அழியும். பயப்பட வேண்டாம், இது கூட்டுத்தொகை மீட்டர், கடைசி எண் கையில் வந்தால் நடுவில் போனது நஷ்டமில்லை. அந்தப் போன்களில் அலாரம் வைத்து எழுந்துகொள்ளலாம்.

கொத்தாக வரும் நிகழ்வுகளுக்கு நீங்கள் வாங்கிய நேரத்தை நேரமாக எழுதாதீர்கள். நிகழ்வுக்குள்ளேயே டைம்ஸ்டாம்ப் இருக்கிறது, நானோ விநாடியில், போன் ஆன் ஆனதிலிருந்து. கடிகார நேரம் இல்லை அது.

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கு ஆண்ட்ராய்டு 14-லிருந்து வகை சொல்லியே ஆக வேண்டும். ஹெல்த், லொகேஷன் இரண்டும் போடுங்கள். இத்தனையும் சரியாகச் செய்தாலும் சில கம்பெனிகளின் போன்கள் பேட்டரி மிச்சம் என்று சொல்லி சர்வீஸை வெட்டும். அதற்குக் கோடில் மருந்து கிடையாது. பேட்டரி செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டி, "கட்டுப்பாடு வேண்டாம்" என்பதை யாராவது கூட இருந்து அழுத்திக்கொடுக்க வேண்டும். உங்கள் குழு சின்னது, நீங்களே பஸ் கிளம்புமுன் செய்துவிடலாம்.

ஓசூர்_ரெண்டுசக்கரம்:

டெஸ்ட் பண்றது பத்தி யாரும் பேசலையே. எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல ஓடற போலிப் போன்) போனைத் திருப்பற படம் இருக்கு, அதை மவுஸ்ல ஆட்டி அடி எண்ணிப் பார்க்கலாம்னு நினைச்சுடாதீங்க. ஸ்டெப் கவுண்டர் இல்லாத போனுக்கு நீங்க எழுதப்போற கோட் இருக்கே, அதுக்குன்னு ஒரு பதிவுத் திரை தனியாச் செய்யுங்க. ஆக்சிலரோமீட்டர் அளவுகளையும் டைம்ஸ்டாம்பையும் ஃபைல்ல கொட்டினா போதும். பெரியம்மா ஒரு தெரு நடக்கட்டும், நீங்க பின்னாடியே போய், கையில அழுத்தி எண்ணற கருவி இருக்கே, பஸ்ஸுல ஆள் கணக்கெடுக்க வெச்சிருப்பாங்களே, அதுல ஒவ்வொரு அடிக்கும் அழுத்துங்க. பையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில பிடிச்சு ஒண்ணு. அப்புறம் வீட்டுல உட்கார்ந்து அந்த ஃபைலையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கோடைத் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெரியம்மாவை நடக்க வெச்சீங்கன்னா ஆப் வர்றதுக்குள்ள அவங்க கிரிவலமே முடிச்சிருப்பாங்க. அதோட பஸ்ஸுல ஒரு பதிவும் எடுங்க, அதுல பூஜ்யம் வரணும்.

வேலூர்_வண்டு:

அந்தக் கருவியை நாளைக்கே வாங்கறேன். கடைசியா ஒண்ணு. சாப்பாட்டுக்கோ, அன்னதான வரிசையிலயோ அரை மணி உட்கார்ந்துட்டாங்கன்னா அந்த ஐந்து நிமிஷ எழுப்பல்கூட வேண்டாமே. நிறுத்திட்டு, திரும்ப எழுந்து நடக்கும்போது மட்டும் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பழைய_சாலிடர்:

நீங்கள் கவலைப்படும் எழுப்பல் தானாகவே நின்றுவிடும். ஸ்டெப் கவுண்டர் எண் மாறினால்தான் பேசும், உட்கார்ந்திருப்பவருக்கு நிகழ்வே கிடையாது. அலாரம் வைத்து எழும் போன்களுக்கு மட்டும் இது தேவைப்படும். அவற்றில் அலாரத்தை நிறுத்திவிட்டு சிக்னிஃபிகன்ட் மோஷன் சென்சாரைப் பதியுங்கள். ஆள் இடம் மாறுகிற அளவுக்கு நகர்ந்தால் பிராசசரை எழுப்பி ஒரே ஒரு தடவை சொல்லும், சொன்னதும் தானே அணைந்துவிடும். ரெஜிஸ்டர் லிசனர் இதற்கு வேலை செய்யாது, ரிக்வெஸ்ட் ட்ரிகர் சென்சார் கூப்பிட வேண்டும். அடுத்த முறை உட்கார்ந்தால் மறுபடி பதிய வேண்டும். இதுவும் எல்லாப் போனிலும் இருக்காது, நல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அலாரத்தைப் பதினைந்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள், போதும்.